பதினொன்றும் ஏழும்

தலையில் வலை, முகத்தில் கவசம், மேலே நீலக் கோட்டு என்று அடைபட்டு எட்டு மணி நேரம் ஒரே வேலையைச் செய்கிறவள் மனசை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? ஒரகடத்துக் கம்பெனி லைன்களில் நிற்கிற ஒவ்வொருத்தியும் அதற்கு ஒரு வழி வைத்திருப்பாள். ஒருத்தி வரப்போகிற மாப்பிள்ளையை நினைப்பாள். ஒருத்தி கவசத்துக்குள்ளே சத்தமில்லாமல் பாடுவாள். சுகப்பிரியா எண்களை வகுத்துக்கொண்டிருந்தாள்.

சின்ன எண் என்று நினைத்துவிடாதீர்கள், பன்னிரண்டு இலக்கம். காருக்குள் பொருத்துகிற உள்ளங்கை அகலக் கறுப்புப் பெட்டி ஒன்று அவள் மேசைக்கு வரும். சோதனை மெஷினில் சொருக வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் ஸ்டிக்கர் ஒட்டி, ஸ்கேன் பண்ணித் தள்ள வேண்டும். விளக்கு எரிய ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷமும் அவள் கையில் ஸ்டிக்கர் இருக்கும். 305182461738 என்று அதில் போட்டிருக்கும். முப்பதாயிரத்து ஐந்நூற்றுப் பதினெட்டு கோடியே இருபத்து நான்கு லட்சத்து அறுபத்தோராயிரத்து எழுநூற்று முப்பத்தெட்டு. வாய்விட்டுச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பெட்டி வந்து நிற்கும்.

பி.எஸ்சி. கணக்குப் படித்துவிட்டு ஸ்டிக்கரா ஒட்டுகிறாள் என்று வாயைப் பிளக்க வேண்டாம். அந்த லைனில் மட்டும் பட்டதாரிகள் ஆறு பேர். ஆனால் படித்த படிப்பை லைனுக்கும் கூட்டிக்கொண்டு வந்த பைத்தியம் அவள் ஒருத்திதான்.

சேர்ந்த நாலாம் மாசம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஸ்டிக்கரில் இருக்கிற இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால், 3, 5, 8, 4, 1, 3 சேர்ந்து இருபத்து நான்கு. விட்டுப்போன 0, 1, 2, 6, 7, 8 சேர்ந்தும் இருபத்து நான்கு. அடுத்த பெட்டியைப் பார்த்தாள். ஒரு பக்கம் முப்பத்தொன்று, மறுபக்கம் இருபது, வித்தியாசம் பதினொன்று. அதற்கடுத்ததில் மறுபடி சமம். வித்தியாசம் ஒன்றுமில்லாமல் போகும், இல்லாவிட்டால் பதினொன்றோ இருபத்திரண்டோ வரும், வேறு எதுவும் வராது. அப்படியென்றால் அந்த லைனில் பிறக்கிற ஒவ்வொரு எண்ணும் பதினொன்றால் மீதியில்லாமல் வகுபடும். யாராவது எண்ணைத் தப்பாக அடித்தால் கம்ப்யூட்டர் உடனே கண்டுபிடிக்க, எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஒரு எஞ்சினியர் பண்ணிவைத்த ஏற்பாடு. அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, தானாகவே பிடித்துவிட்டாள். அன்றைக்கு முழுக்க கவசத்துக்குள்ளே சிரித்துக்கொண்டே இருந்தாள்.

கண்டதைச் சொல்லாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் முத்துச்செல்வியிடம் சொன்னாள்.

முத்துச்செல்வி அறைத்தோழி. கோவில்பட்டிப் பக்கம், பத்தாம் வகுப்பு, இவளைவிட ஐந்து வயது மூத்தவள். வடக்குப்பட்டில் கனகம்மா வீட்டு மாடி அறையில் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே சோப்பில் துவைத்துக்கொண்டிருந்தார்கள். சுகப்பிரியா டைபாய்டில் விழுந்தபோது நாலு நாள் லீவு போட்டுக் கஞ்சி ஊட்டியவள் செல்விதான். புளியங்குடியிலிருந்து அம்மா வந்து சேர்வதற்குள் காய்ச்சலே இறங்கிவிட்டது. அதிலிருந்து இவளுக்கு அவள் செல்விக்கா. கூடப் பிறந்தவளிடம்கூட இத்தனை ஒட்டுதல் இருந்ததில்லை.

"இன்னொருக்கச் சொல்லுட்டி," என்று கேட்டு, பஸ் படப்பை ரோட்டில் திரும்புவதற்குள் செல்வி அதைக் கற்றுக்கொண்டாள். கெட்டிக்காரி. பள்ளிக்கூடத்தில் எவனோ ஒருத்தன் உனக்குக் கணக்கு வராது என்று சொல்லிவைத்ததை இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு வாரத்தில் இவளைவிட வேகமாகக் கூட்டினாள்.

"வேற யார்ட்டயும் சொல்லிராத, சுகா. நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்," என்றாள். சுகப்பிரியாவுக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லி முடியாது.

ஜூன் மாசம் இரண்டு பேரையும் வேறு வேறு ஷிஃப்டில் போட்டார்கள். சுகப்பிரியா காலை ஆறிலிருந்து இரண்டு வரை. அதே மேசைக்கு இரண்டிலிருந்து பத்து வரை செல்வி. இவள் வலையைக் கழற்றும்போது அவள் வலையை மாட்டுவாள். "எவ்வளவு ஓட்டின?" "முந்நூத்தித் தொண்ணூறு." அவ்வளவுதான் பேச்சு.

அந்தத் தனிமையில்தான் சுகப்பிரியா அடுத்ததைக் கண்டாள். ஸ்டிக்கரின் கடைசி இரண்டு இலக்கம் எழுபத்தாறைத் தாண்டுவதே இல்லை. 38 வருகிறது, 05 வருகிறது, 76கூட வருகிறது. எண்பது, தொண்ணூறு என்று ஒன்றாவது வர வேண்டாமா? ஆயிரம் பெட்டிக்கு மேல் பார்த்தாள், வரவில்லை. நாலு நாள் அதையே போட்டுக் குடைந்து பிடித்துவிட்டாள். பதினொன்று மட்டும் இல்லை, ஏழும் சேர்ந்திருக்கிறது. எல்லா எண்ணும் எழுபத்தேழால் வகுபடும். கடைசி இரண்டு இலக்கம் அந்தக் கணக்கைச் சரிக்கட்ட ஒட்டவைத்தது, அதனால்தான் எழுபத்தாறோடு நின்றுவிடுகிறது. சும்மா மனசுக்குள்ளேயே சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. ஞாயிற்றுக்கிழமை செல்விக்கா எழுந்ததும் சொல்ல வேண்டும் என்று ஆசையாக வைத்திருந்தாள். அந்த ஞாயிறு செல்விக்கு ஓவர்டைம் போட்டுவிட்டார்கள்.

இதற்கு நடுவில் இன்னொரு சங்கதி. ஜூலை ஒன்றாம் தேதி அந்த லைனில் ஒரே ஒருத்தரை பெர்மனென்ட் ஆக்குவதாக இருந்தது. மற்றவர்களுக்குக் கான்ட்ராக்ட் முடிகிறது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கடைசிவரை நின்ற பெயர் இரண்டு, சுகப்பிரியா, முத்துச்செல்வி. பெர்மனென்ட் ஆனால் தபாலில் எம்.எஸ்சி. சேர்ந்துவிடலாம் என்று சுகப்பிரியா விண்ணப்பப் படிவம்கூட வாங்கிவிட்டாள். ஆகாவிட்டால் புளியங்குடிக்குப் போய் அப்பாவின் டீக்கடையில் கிளாஸ் கழுவ வேண்டும். ஆனாலும் அவள் மனசில் போட்டி என்று ஒன்று இல்லை. "எனக்குக் கிடைக்கலன்னா உனக்குக் கிடைக்கட்டும்க்கா," என்று வாய்விட்டே சொன்னாள். செல்வி இவள் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "சும்மா கெடட்டி, லூசு," என்றாள்.

இருபத்து மூன்றாம் தேதி மேசையில் ஸ்கேனர் படுத்துவிட்டது. எண்களைக் கையால் தாளில் எழுதச் சொன்னார்கள். சுகப்பிரியா முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு எழுதி, தாள்களைத் தட்டில் வைத்து, செல்வியிடம் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு வந்தாள்.

இருபத்தைந்தாம் தேதி பதினொரு மணிக்கு லைன் லீடர் மோகன் வந்து நின்றான். பென்னலூர்க்காரன், எப்போதும் ஏதாவது கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பவன், அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சுகப்பிரியா, இன்னா வேலை பண்ணி வச்சிகீற? எச்.ஆர். மேடம் கூப்புடறாங்க, போ. உன்னிய போயி நம்பிக்கினு இருந்தேன் பாரு."

எச்.ஆர். கலைமதி கடுகடுப்பானவள் இல்லை. உட்காரச் சொல்லி, ஒரு தாளை முன்னால் தள்ளினாள். சுகப்பிரியாவின் டோக்கன் எண் போட்ட கடைசித் தாள்.

"அன்னைக்கு நானூத்தி மூணு பெட்டி காட்டியிருக்கே. டார்கெட் நானூறு. ஆனா குடோன்ல முந்நூத்தித் தொண்ணூத்தி நாலுதாம்மா இருக்கு. கடைசியா இருக்கிற ஒன்பது நம்பரையும் கம்ப்யூட்டர் எடுக்கல. அப்படிப் பெட்டியே கிடையாதாம். ஒண்ணு ரெண்டுன்னா கை தவறிடுச்சுன்னு விட்டுடலாம். பெர்மனென்ட் லிஸ்ட் வர்ற நேரத்துல ஒன்பதா?"

"மேடம், இது நான் எழுதல."

"உன் தாள். உன் எழுத்து."

எழுத்தா? அந்தக் கம்பெனியில் சேர்கிற எல்லோருக்கும் முதல் வாரமே எண் எழுதக் கற்றுக்கொடுப்பார்கள். ஏழுக்குக் குறுக்கே கோடு, பூஜ்யத்துக்குள் சாய்கோடு, கட்டத்துக்கு ஒன்று. எல்லோர் எண்ணும் ஒரே அச்சு. கேமரா மெஷினைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், தாள் வைக்கிற தட்டை இல்லை.

சுகப்பிரியா அந்த ஒன்பதில் முதல் எண்ணைப் பார்த்தாள். 305182470296. தொண்ணூற்றாறா? அவள் வாழ்நாளில் தொண்ணூற்றாறில் முடிகிற ஸ்டிக்கரைப் பார்த்தது கிடையாது. பொய் எண் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துபோயிற்று. அப்புறம் பழக்கதோஷம், ஒன்றுவிட்டு ஒன்று கூட்டினாள். ஒரு பக்கம் இருபத்தொன்பது. மறுபக்கம் பதினெட்டு. வித்தியாசம் பதினொன்று.

இரண்டாவதைக் கூட்டினாள், பதினொன்றால் போகிறது. மூன்றாவது, நாலாவது என்று ஒன்பதையும் கூட்டிப் பார்த்துவிட்டாள். ஒன்பதும் பதினொன்றால் வகுபட்டன. ஒன்றுகூட ஏழால் வகுபடவில்லை.

வாய்க்கு வந்த எண்ணை ஒருத்தி எழுதியிருந்தால் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு, தற்செயலாகப் பதினொன்றால் வகுபடலாம். ஒன்பதும் வகுபடுமா? இதை எழுதியவளுக்குப் பதினொன்று தெரியும். வாய்க்கு வந்ததை எழுதினால் கம்ப்யூட்டர் தள்ளிவிடும், எழுத்துப் பிழை என்று அன்றைக்கே சுகப்பிரியா கைக்குத் திரும்பி வரும், அவள் பார்த்துவிடுவாள் என்று யோசித்து, கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் விழுங்கிக்கொள்ளட்டும், மாசக் கடைசி ஸ்டாக் எடுக்கும்போது வெடிக்கட்டும் என்று நினைத்து, உட்கார்ந்து கணக்குப் போட்டு எழுதியிருக்கிறாள். ஆனால் ஏழு அவளுக்குத் தெரியாது.

பதினொன்று மட்டும் தெரிந்த ஆள் இந்த உலகத்திலேயே ஒருத்திதான் உண்டு.

"மேடம், நாளைக்குக் காலை வரைக்கும் டைம் தாங்க. நான் எழுதலன்னு நிரூபிக்கேன்," என்றாள். கலைமதி, அதுவரை லைனில் நிற்க வேண்டாம், நாளைக்குப் பத்து மணிக்கு வந்தால் போதும் என்று வீட்டுக்கு அனுப்பினாள்.

நிரூபிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருந்தது. 'மேடம், எனக்கு ஏழும் தெரியும். நான் பொய் எண் எழுதுவதாக இருந்தால் ஏழை விட்டிருப்பேனா?' என்று கேட்டு, அங்கேயே பத்து எண் எழுதிக் காட்டினால் போதும். கம்ப்யூட்டரே சாட்சி சொல்லும். ஆனால் அடுத்த கேள்வி, பதினொன்று வேறு யாருக்குத் தெரியும் என்று வரும். அந்தப் பெயரைச் சொல்வதற்கு முன்னால் அவளுக்கு ஒரு தடவை செல்வியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. செல்விக்கா வேறு யாரிடமாவது சொல்லியிருப்பாள், அந்த வேறு யாரோ செய்திருப்பாள் என்று ஷேர் ஆட்டோவில் வருகிற வழியெல்லாம் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு வந்தாள், பாவம்.

செல்வி வேலைக்குக் கிளம்பத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, இந்நேரத்துல?"

சுகப்பிரியா நடந்ததைச் சொன்னாள். தாள், ஒன்பது எண்கள், கம்ப்யூட்டர் எடுக்காதது, எல்லாம். செல்வி சீப்பை நிறுத்தாமல் கேட்டாள். "அய்யய்யோ," என்றாள். "எவ பண்ணின வேலையோ," என்றாள்.

"ஒன்பதும் பதினொன்னால போவுதுக்கா."

சீப்பு நின்றது.

"பதினொன்னால போச்சுன்னா கம்ப்யூட்டர் எடுத்திருக்கணும்லா?" என்றாள் செல்வி. "ஏன் எடுக்கல?"

அவள் அதைக் கேட்ட விதம் இருக்கிறதே, பயந்தோ மழுப்பியோ கேட்கவில்லை. கணக்கு ஏன் வரவில்லை என்று தெரிந்துகொள்ள நிஜமாகவே ஆசைப்பட்டுக் கேட்டாள், பஸ்ஸில் கேட்பாளே, அதே மாதிரி. அந்த ஒரு கணத்தில் சுகப்பிரியாவுக்கு வந்த காரியம் மறந்துபோயிற்று. கேட்டால் சொல்ல வேண்டும். அவள் உடம்பு அப்படி. தினசரி நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினாள்.

"கடைசியில இருந்து மூணு மூணா வெட்டுக்கா. நம்ம நல்ல ஸ்டிக்கரு, 305, 182, 461, 738. இதுல ரெண்டாவதையும் நாலாவதையும் கூட்டு. தொள்ளாயிரத்து இருபது. ஒண்ணாவதும் மூணாவதும் எழுநூத்தி அறுபத்தாறு. கழிச்சா நூத்தி அம்பத்தி நாலு. ரெண்டு எழுபத்தேழு. சரியாப் போயிருச்சா? இப்பம் அந்தப் பொய் நம்பரு. வித்தியாசம் எரநூத்தித் தொண்ணூத்தி ஏழு வரும். பதினொன்னால போவும், ஏழால மூணு மிச்சம். அதான் தள்ளிருச்சு."

"ஏன் மூணு மூணா வெட்டணும்?"

"ஆயிரத்தி ஒண்ணு ஏழாலயும் போவும், பதினொன்னாலயும் போவும்லா, அதனால."

செல்வி தாளை வாங்கி, தானே ஒன்று எழுதி வெட்டிப் பார்த்தாள். சரியாக வந்தது. இன்னொன்று போட்டாள். அதுவும் வந்தது. நிமிர்ந்தபோது அவள் கண்ணில் கோபம்தான் இருந்தது.

"இத நீ எங்கிட்ட சொல்லவே இல்லையேட்டி."

சுகப்பிரியா சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"அப்ப நீதானாக்கா?"

"பாதிய எனக்குச் சொல்லிட்டு மீதிய நீ வச்சுக்கிட்டியாக்கும்? நாந்தான் முட்டாளு மாதிரி..." செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம சொல்லணும்னுதான் வச்சிருந்தேன்க்கா," என்றாள் சுகப்பிரியா. குற்றம் செய்தவள் மாதிரி இவள் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். கொடுமையைப் பாருங்கள்!

செல்வி அழுதாள். ஊருக்குத் திரும்பினால் நாற்பது வயது மாமனுக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிவைக்கக் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி அழுதாள். "நீ படிச்சவ, எங்க போனாலும் பொழச்சுக்கிடுவ. எனக்கு இத விட்டா என்ன இருக்கு?" என்றாள். சுகப்பிரியாவுக்கு ஆத்திரம் பொங்கியது. கன்னத்தில் நாலு வைக்கக் கை பரபரத்தது. கஞ்சி ஊட்டினாயே, இதற்கா ஊட்டினாய் என்று கத்தினாள். கீழே கனகம்மா, "மேல இன்னாமே சத்தம்?" என்று குரல் கொடுத்தாள். இரண்டு பேரும் அடங்கினார்கள்.

"நீ மேடத்துக்கிட்ட ஒண்ணும் சொல்லாதட்டி," என்று செல்வி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குக் காலையில நானே போயி ஒத்துக்கிடுதேன். நானா சொன்னா கேஸு கீஸுன்னு போவ மாட்டாங்க. நீ சொன்னா என்னையத் திருட்டுப்பட்டம் கட்டி அனுப்புவாங்க. இந்த ஒண்ணு மட்டும் எனக்காகச் செய்யி."

சுகப்பிரியா தலையை ஆட்டினாள். அப்படித் தலையாட்டியது தப்புத்தான், பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் நாலு நாள் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்ட கை அது. தட்டிவிட முடியவில்லை.

மறுநாள் காலையில் கண் விழித்தபோது செல்வியின் பாய் சுருட்டி வைத்திருந்தது. எட்டு மணிப் பஸ்ஸைப் பிடித்திருப்பாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றப் போய்விட்டாள் என்று சுகப்பிரியா நினைத்துக்கொண்டாள். பெர்மனென்ட் ஆனதும் செல்விக்காவுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேறு கம்பெனியில் சொல்லிவைக்கலாம் என்றுகூட யோசித்துக்கொண்டே போனாள்.

கலைமதியின் மேசையில் ஒரு வெள்ளைத்தாள் இருந்தது. பென்சிலால் நிறைய எண்கள்.

"முத்துச்செல்வி எட்டரைக்கே வந்துட்டா," என்றாள் கலைமதி. "உன்மேல சந்தேகம்னு கேள்விப்பட்டு மனசு கேக்காம வந்தாளாம். நீ அவமேல பழி போடப்போறேன்னும் சொன்னா. இந்த நம்பரோட ரகசியத்தை நீ அவளுக்குக் கத்துக் குடுத்தியாமே, பதினொண்ணு, ஏழு, ரெண்டும். நாலஞ்சு மாசம் ஆச்சுங்கறா."

"ஏழு இல்ல மேடம். பதினொண்ணு மட்டுந்தான். ஏழு நேத்து மத்தியானந்தான்..."

"நானே ரெண்டு ஸ்டிக்கர் குடுத்துப் பார்த்தேம்மா. மூணு மூணா வெட்டி என் கண்ணு முன்னாடி போட்டா. புதுசா ஒரு நம்பர் உருவாக்கச் சொன்னேன். அதையும் எழுதினா, கம்ப்யூட்டர் எடுத்துக்கிச்சு. அவ என்ன கேட்டா தெரியுமா? 'நான் பொய் நம்பர் எழுதறதா இருந்தா ஏழை விட்டிருப்பேனா மேடம்?'னு கேட்டா. நியாயமான கேள்விதானே?"

நேற்று இதே அறையிலிருந்து கிளம்பும்போது சுகப்பிரியா மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்த வாக்கியம் அது. ஒரு சொல் மாறவில்லை. இனி அதை அவள் சொன்னால் காப்பியடித்த மாதிரி இருக்கும்.

"நேத்து நாந்தான் மேடம் சொல்லிக் குடுத்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகல."

"பத்தாவது படிச்ச பொண்ணு, ஒரு மணி நேரத்துல இவ்வளவும் கத்துக்குவாளா?"

"கத்துக்கிடுவா மேடம்," என்றாள் சுகப்பிரியா. "அவ ரொம்பக் கெட்டிக்காரி."

கலைமதி பெருமூச்சு விட்டு, அந்த வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினாள். "எனக்குக் கணக்கு தெரியாது. நீயே சொல்லு. இவ போட்டிருக்கறது சரிதானா?"

தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுகப்பிரியா தாளை எடுத்தாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். வெட்டியது, கூட்டியது, கழித்தது, எழுபத்தேழால் வகுத்தது. கண்ணில் நீர் திரண்டு எண்கள் மங்கின. துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள்.

"சரிதான் மேடம்," என்றாள். "ஒரு தப்பும் இல்ல."